ரிமோட்டில் இல்லாத பெயர்

செப்டம்பர் 22, திங்கள்

இன்று மட்டும் நாற்பத்தோரு முறை பில்ட் விழுந்தது. நாற்பத்தோரு முறையும் ஒரே சிவப்பு வரி: தேதி லைப்ரரி, பதிப்பு 1.4, கிடைக்கவில்லை.

பெருங்குடி ஆபீசில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் வேலை இது. நெதர்லாந்துக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீட்டு மென்பொருள் செய்து தருகிறோம். அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் 14 அன்று ஒன்றுமே இல்லாத புது மெஷினை எடுத்துக்கொண்டு அவர்களே துண்டுகளைச் சேர்த்து மென்பொருளாக்கி, பில்ட் செய்து பார்ப்பார்களாம். மென்பொருளுக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் ரிமோட் ரெப்பாசிட்டரியிலிருந்து, அதாவது கம்பெனியின் பொதுக் கிடங்கிலிருந்து, இறங்கி வர வேண்டும். எவனுடைய சொந்த மெஷினிலும் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. நியாயமான கோரிக்கை. எங்கள் ஆபீசில் நியாயமானது எதுவும் முதல் தடவையில் நடக்காது.

டீம் லீட் நவநீதன் தோளில் தட்டினார். “சேர்மா, இத மட்டும் முடிச்சுக் குடு. நவம்பர் கடைசில உனக்கு நீல டேக். என் வார்த்த.”

கழுத்தில் நீலப் பட்டை என்றால் நிரந்தரம். ஆரஞ்சு என்றால் காண்ட்ராக்ட். ஆரஞ்சுக்கு ஆபீஸ் பஸ் கிடையாது, மீட்டிங் ரூம் பிடிக்க முடியாது, பொதுக் கிடங்கில் எதையும் ஏற்றும் அனுமதியும் கிடையாது. எடுக்கலாம், வைக்கக் கூடாது. நான் ஆரஞ்சு.

செப்டம்பர் 23, செவ்வாய்

“இத்தன நாளா எப்படி பில்ட் ஆச்சு?” என்று கேட்டேன். நவநீதன் பிரிண்டர் பக்கத்து மூலையைக் காட்டினார்.

அங்கே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அரைகுறையாக மூடியிருக்கும். மேலே ஒட்டிய தாளில் “அணைக்காதே. தொடாதே. நவ.” என்று எழுதியிருக்கிறது. நான் அதைப் பிரிண்டரோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். பதினான்கு மாதமாகக் கிளையண்டுக்குப் போன ஒவ்வொரு பதிப்பும் அதில் பில்ட் ஆனதுதானாம். வேறு எந்த மெஷினிலும் ஆகாது.

காரணம் எளிது. பில்ட் கருவி ஒரு துண்டை முதலில் லோக்கலில், தன் மெஷினுக்குள், தேடும். அங்கே இருந்துவிட்டால் ரிமோட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. விடுமுறையும் கெடுவும் கணக்கிடும் துண்டான தேதி லைப்ரரி அந்த லேப்டாப்பின் லோக்கலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது ஒரு நாளும் முனகவில்லை. அதனால் யாரும் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

லேப்டாப்பின் அடியில் ஆரஞ்சு ஸ்டிக்கர். “பியூலா” என்ற பெயர் பாதி அழிந்திருந்தது.

“யாருண்ணா பியூலா?”

“காண்ட்ராக்ட்ல இருந்தாங்க. டெலிவரி டைம்ல போயிட்டாங்க.”

“எந்த ப்ராஜெக்ட் டெலிவரி?”

“ப்ராஜெக்ட் இல்லடா. அவங்க டெலிவரி.”

சோர்ஸ், அதாவது அவர் கைப்பட எழுதிய மூல நிரல், எங்கே என்று கேட்டேன். அவர் போன அன்றே அவருடைய ஃபோல்டரை ஐடி அழித்துவிட்டதாம். விதி அப்படியாம். பில்ட் ஆன கோப்பு மட்டும் வேறு கணக்கில் கிடந்ததால் தப்பியிருக்கிறது. மூன்று வருடம் வேலை பார்த்த பெண்ணை ஒரு மாலையில் துடைத்துவிட்டு, அவர் விட்டுப்போன எச்சத்தை வைத்துப் பதினான்கு மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை. ஆயுத பூஜை இன்றே நடந்தது. சர்வர் ரூம் கதவுக்கு மாலை, பிரிண்டருக்குப் பொட்டு. மூலை லேப்டாப்புக்குத்தான் ஸ்பெஷல்: சந்தனம், குங்குமம், முன்னால் பொரியும் சுண்டலும். நவநீதன் கற்பூரத் தட்டை அதற்கு நேராக மூன்று சுற்று சுற்றினார். மின்விசிறிக் காற்றில் ஒட்டுத்தாள் படபடத்தது. தீப்பிடித்திருந்தால் பிரச்சினை இன்றோடு தீர்ந்திருக்கும்.

ஹவுஸ்கீப்பிங் தேசம்மா அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றார். “இன்னா தம்பி, இந்தப் பொட்டிக்கு மட்டும் இம்மாம் மரியாத?”

சொன்னேன். சமையலுக்கு வேண்டிய ஒரு பொடி கடையில் கிடையாது, இந்த ஒரு வீட்டு டப்பாவில்தான் இருக்கிறது, அரைத்தவர் போய்விட்டார், எப்படி அரைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

“அப்போ இத்த ஆஃப் பண்ணா உங்க கம்பெனி மூடிக்குமா?”

“கிட்டத்தட்ட.”

“அடப்பாவிங்களா. நான் டெய்லி இதும்மேல ஈரத்துணி போட்டுத் தொடைக்கிறேன்.”

குரூப் போட்டோ எடுத்தார்கள். ஆரஞ்சு ஆட்களைப் போனை வாங்கி எடுக்கச் சொன்னார்கள். நன்றாக எடுத்தேன். எல்லோர் தலையும் வந்திருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

நவநீதன் ஒரு யோசனை சொன்னார். “அந்த லோக்கல் ஃபோல்டர அப்படியே ஜிப் பண்ணி அவனுங்க மெஷின்ல போட்றலாம் மச்சி. அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர்களுக்குத் தெரியும். லோக்கலைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்குவோம் என்று நிபந்தனையின் நான்காம் வரியில் எழுதியிருக்கிறது. எழுதிய சோர்ஸும் வேண்டும் என்று ஐந்தாம் வரியில் இருக்கிறது. அவர் மூன்றாம் வரியைப் படிக்கும்போது போன் வந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

பில்ட் ஆன கோப்பை உடைத்து உள்ளே பார்த்தேன். என்ன செய்கிறது என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. ஏப்ரல் 27 ஞாயிறாக வந்தால் விடுமுறையை 26-க்குத் தள்ளுகிறது. ஏன்? இப்படி முப்பது இடம். கைவைத்தால் யாரோ ஒரு நோயாளியின் விண்ணப்பக் கெடு ஒரு நாள் பிசகும்.

எச்ஆரிடம் பியூலாவின் நம்பர் கேட்டேன். “அந்த ரிசோர்ஸ் பத்தி எங்ககிட்ட டேட்டா இல்ல.” தேசம்மா அக்காவிடம் கேட்டேன். “பியூலாப் பொண்ணா? கொயந்தைக்கு சட்ட கூட எடுத்துக் குடுத்தேனே.” இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அரை நிமிடத்தில் நம்பர் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, சாலையைக் கடந்து, திருவள்ளூர் வண்டி பிடித்துத் திருநின்றவூர். இரண்டரை மணி நேரம். இந்தத் தூரத்தை அவர் மூன்று வருடம், வயிற்றில் பிள்ளையோடும், தினம் இரண்டு தரம் போயிருக்கிறார்.

பியூலா அக்கா பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் சிரித்தார்.

“நீ எந்த ஊரு? நாசரேத் பக்கமா?”

“திசையன்வெள.”

“அதான. ‘சொல்லுதேன்’ங்க. ஆபீஸ்ல அப்படிப் பேசாத, லிஃப்ட்ல ஏத்த மாட்டானுவ.”

தேதி லைப்ரரியை வேண்டுமென்றே லோக்கலில் ஒளித்தீர்களா என்று கேட்டேன். நவநீதன் அப்படித்தான் சொல்லியிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒளிச்சனா? ரிமோட்ல ஏத்த பர்மிஷன் குடுங்கன்னு ஐடிக்கு மூணு தரம் எழுதி டிக்கெட் போட்டேன் தம்பி. காண்ட்ராக்ட்டுக்குக் கெடையாதுன்னு மூணையும் க்ளோஸ் பண்ணுனானுவ. அப்ப நீங்களே ஏத்துங்கன்னு சோர்ஸ நவநீதனுக்கு மெயில்ல அனுப்புனேன். ஜிப்ப மெயில் முழுங்கிரும்லா? அதனால படம் மாதிரிப் பேரு மாத்தி அனுப்புனேன். எல்லாரும் அப்படித்தான அனுப்புவோம்? மூணு தரம். கடைசி மெயிலு நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு.”

சோர்ஸ் வேறெங்கும் இல்லை. நவநீதனின் இன்பாக்ஸில் இருக்கிறது.

அவருக்கு ஒன்றுதான் வேண்டும். அனுபவக் கடிதம். அவரைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்த ஏஜென்சி இழுத்து மூடிவிட்டது. எங்கள் கம்பெனி, அவர் எங்கள் ஆளே இல்லை என்கிறது. போகிற இன்டர்வியூவில் எல்லாம் மூன்று வருடம் என்ன செய்தாய், ஆதாரம் எங்கே என்கிறார்கள். போன மாதம் ஒருத்தன், “வீட்டுல சும்மா இருந்ததச் சேத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கிறான்.

“மெயிலு எங்க இருக்குன்னு ஒனக்குச் சொல்லிட்டேன். லெட்டர நீ வாங்கிக் குடுப்பியா?”

வாங்கித் தருகிறேன் என்றேன். பிள்ளை என் ஆரஞ்சுப் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை ஏன் மாட்டிக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காலை 9.40-க்கே நவநீதனிடம் சொல்லிவிட்டேன்.

“எனக்கு எந்த மெயிலும் வரல.” அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். மூன்றும் இருந்தன. மூன்றும் தடித்த எழுத்தில், திறக்கப்படாமல். கடைசி மெயிலின் தலைப்பு: “சார், இதைத் தயவுசெய்து ஏற்றிவிடுங்கள். நாளை முதல் நான் வர முடியாது.”

நவநீதன் தலைப்பைப் படித்தார். “ஸ்பேம்னு நெனச்சிருப்பேன்டா” என்றார். பிறகு உற்சாகமாகிவிட்டார். இறக்கினோம், பெயரை மாற்றினோம், திறந்தது. அத்தனை சோர்ஸும் சோதனைகளும், வரிக்கு வரி ஏன் என்ற குறிப்போடு.

லெட்டர் பற்றிப் பேச நேரம் அமையவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நவநீதனுக்கு மீட்டிங்.

அக்டோபர் 17, வெள்ளி

பியூலா அக்கா கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் இருந்ததால் எடுக்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பியூலா அக்கா கூப்பிட்ட அன்று நான் பஸ்ஸில் இல்லை.

அக்டோபர் 22, புதன்

லெட்டர் கேட்டேன். எச்ஆர் பெண் புன்னகை மாறாமல் சொன்னார்: “அவங்க எங்க எம்ப்ளாயி கிடையாது. பாலிசி அலவ் பண்ணாது.” நவநீதனிடம் போனேன்.

“அவங்க எழுதுனதுதானண்ணா இது?”

“ஆமா. அதுக்கு?”

“ஒரு தாள்தானண்ணா.”

“சேர்மா, அவங்க ஒரு தாள் கேப்பாங்க, அப்புறம் நாளைக்கு இன்னும் நாப்பது பேர் வருவாங்க. ஏன் தேவையில்லாத வேலை? நீல டேக் வேணுமா வேணாமா?”

நான் பதில் சொல்லவில்லை. வேணும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார். தப்பில்லை, வேணும்தான். ஆனால் 13-ஆம் தேதி காலை 9.40-க்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் இந்த ஆள் ஓடிப்போய் லெட்டர் வாங்கி வந்திருப்பார். சோர்ஸ் கைக்கு வந்தபின் கேட்கிற முட்டாள் நான் ஒருத்தன்தான். முட்டாள் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை.

நவம்பர் 5, புதன்

மற்ற துண்டுகள் எல்லாம் ரிமோட்டிலிருந்து வருகின்றன. மொத்தம் இருநூற்றுப் பதினேழு. அவற்றை வரவைக்கும் பில்ட் ஸ்கிரிப்டை முழுக்க நான் எழுதினேன். என் லோக்கலை எத்தனை முறை அழித்து முதலிலிருந்து இறக்கினேன் என்று நெட்வொர்க் ஆட்களைக் கேட்டால் தெரியும். திட்டி மெயில் போட்டிருக்கிறார்கள்.

மிச்சம் தேதி லைப்ரரி மட்டும். அதோடு போகிற விவரக் கோப்பில் “எழுதியவர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட்டால் கிளையண்ட் ஏற்க மாட்டான்.

“என் பேரப் போடு” என்றார் நவநீதன். தலையை நிமிர்த்தவே இல்லை. உப்பை நகர்த்து என்பதுபோலச் சொன்னார்.

சாயங்காலம் பியூலா அக்காவைக் கூப்பிட்டேன். லெட்டர் கிடைக்காது என்று சொன்னேன். நான் அவசரப்பட்டுச் சோர்ஸ் இருக்குமிடத்தைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “எழுதுனவங்கன்னு உங்க பேரப் போடட்டுமாக்கா?” என்றேன்.

“எம்பேரப் போடதுக்கு எங்கிட்ட எதுக்குல பர்மிஷன் கேக்க? எடுத்தவனுவ கேட்டானுவளா?”

நவம்பர் 7, வெள்ளி

ஏற்றியாயிற்று. எனக்கு அனுமதி இல்லாததால் நவநீதன் தன் பாஸ்வேர்டை ஸ்டிக்கி நோட்டில் எழுதி என் மேசையில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். இங்கே எல்லோரும் இப்படித்தான். ஆரஞ்சுக்கு அனுமதி தர மாட்டார்கள், பாஸ்வேர்டைத் தருவார்கள். கிடங்கின் பதிவில் ஏற்றியவர் நவநீதன் என்றே இருக்கும்.

எழுதியவர்: பியூலா ஆபிரகாம், திருநின்றவூர். கீழே அவருடைய மெயில் முகவரி.

பொத்தானை அழுத்தினேன். வீரம் எல்லாம் இல்லை. அந்தக் கட்டம் எழுதியவர் யார் என்று கேட்டது, நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு வந்தவர், “போட்டாச்சா?” என்றார்.

“போட்டாச்சு.”

நவம்பர் 14, வெள்ளி

மதியம் 2.10. காலியான மெஷின், காலியான லோக்கல். இருநூற்றுப் பதினெட்டும் ரிமோட்டிலிருந்து வரிசையாக இறங்கின. பச்சை.

கைதட்டல், கேக். கேக்கில் நவநீதன் பெயர் எழுதியிருந்தது. ஆரஞ்சு ஆட்களுக்கும் துண்டு கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது.

நவம்பர் 19, புதன்

நெதர்லாந்திலிருந்து மெயில். பில்டில் திருப்தி. விவரக் கோப்புகளைப் படித்தார்களாம். அடுத்த வாரம் தேதி லைப்ரரியை எழுதிய திருமதி பியூலா ஆபிரகாம் வீடியோ காலில் வந்து விளக்க வேண்டுமாம். அது முடிந்தால்தான் ஒப்புதல் கையெழுத்து.

நவநீதன் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. மீட்டிங் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனார். ஆறு மாதத்தில் நான் உட்கார்ந்த முதல் மீட்டிங் ரூம்.

“என்னடா பண்ணி வெச்சிருக்க? அந்தப் பேர எடு. இப்பவே.”

“எடுக்க முடியாதுண்ணா. வெளியிட்ட பதிப்ப மறுபடி மாத்த ரிமோட் விடாது.”

“டிலீட் பண்ணிட்டுத் திரும்ப ஏத்து!”

“அதுவும் விடாது. அந்த ரூலப் போட்டதே நீங்கதான். சுவத்துல ஒட்டியிருக்கு.”

ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே.

“1.5-னு புதுசா போடு.”

“போடலாம். கிளையண்ட் மொதல்லேருந்து செக் பண்ணுவான். பேரு ஏன் மாறுச்சுன்னும் கேப்பான்.”

“உனக்கு நல்லது பண்ணலாம்னு நெனச்சேன்டா” என்றார். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

நவம்பர் 25, செவ்வாய்

பியூலா அக்கா வந்தார். இடுப்பில் பிள்ளை, கழுத்தில் விருந்தினர் அட்டை. தேசம்மா அக்கா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “இன்னாமா, இளைச்சிட்ட?” என்றார். பியூலா அக்காவைப் பார்த்ததும் இரண்டு பேர் அவசரமாகத் தங்கள் திரையைப் பார்த்தார்கள்.

கான்ஃபரன்ஸ் ரூமில் திரை முழுக்க நெதர்லாந்துக்காரர்கள் காத்திருந்தார்கள். பியூலா அக்கா வெளியிலேயே நின்றார்.

“சார், லெட்டர்.”

“முடிச்சிட்டு வாங்க, பேசிக்கலாம்” என்றார் நவநீதன்.

“நான் ஒங்க எம்ப்ளாயி இல்லன்னு சொன்னீங்களாம். வெளியாளு எதுக்கு சார் உள்ள வந்து பேசணும்?” சத்தம் உயரவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தார். “அவங்களுக்கு நேரமாகுது பாருங்க.”

பாலிசி அனுமதித்தது. பதினோரு நிமிடத்தில் லெட்டர்ஹெட்டில் அச்சாகி, கையெழுத்தும் முத்திரையுமாக வந்தது. பியூலா அக்கா அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். சேர்ந்த தேதியில் ஒரு மாதம் குறைந்திருந்தது. திருத்தி வாங்கினார். அதற்கு ஆறு நிமிடம்.

பிறகு உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசினார். ஏப்ரல் 27 ஏன் நகர்கிறது என்று ஒருவர் கேட்டார். “உங்கள் அரசரின் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீங்கள் முந்தின நாளே கொண்டாடிவிடுவீர்கள். அன்று உங்கள் அலுவலகம் மூடியிருக்கும், நோயாளியின் கெடு ஓடிக்கொண்டிருக்கும்” என்றார் ஆங்கிலத்தில். அவர்கள் சிரித்தார்கள். கையெழுத்து ஆயிற்று.

போகும்போது மூலையில் நின்று குங்குமம் காய்ந்த லேப்டாப்பைப் பார்த்தார். “அட, எஞ்சார்ஜர்” என்றார். கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 28, வெள்ளி

காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதாம். நீல டேக் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி வேலையாக மூலை லேப்டாப்பை அணைத்து ஐடியிடம் கொடுக்கச் சொன்னார்கள். இனி அது தேவையில்லை. வேறொரு சார்ஜரை மாட்டியிருந்தார்கள். ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். பதினாறு மாதம் தள்ளிப்போட்ட அப்டேட்டுகளை அது அப்போதுதான் ஆரம்பித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

ஒரு மணி நேரம் காத்திருந்தேன். நாற்பத்து நான்கு. தேசம்மா அக்கா துணியோடு வந்தார். “நீ கெளம்பு தம்பி. நான் பாத்துக்கறேன். எத்தினியோ நாள் பாத்துட்டேன்.”

பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஸ்டேஷன் படியேறும்போது பியூலா அக்கா கூப்பிட்டார். கிண்டியில் ஒரு கம்பெனி, இரண்டாவது ரவுண்டு முடிந்துவிட்டது, லெட்டரைப் பார்த்தார்களாம். பிறகு கேட்டார்.

“அந்த பில்ட் ஸ்கிரிப்ட் மொத்தமும் நீ எழுதுனதுதான?”

“ஆமாக்கா.”

“அதுல ஒம்பேரப் போட்டியா?”

நான் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்.

“போடலயா? கூறு இருக்கால ஒனக்கு?”

இல்லை. இருநூற்றுப் பதினெட்டு துண்டுகளையும் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவரும் அந்த ஸ்கிரிப்ட், நவநீதனின் பாஸ்வேர்டில், நவநீதனின் பெயரில் ரிமோட்டில் இருக்கிறது. என் ஃபோல்டரை இந்நேரம் ஐடி அழித்திருக்கும். விதி அப்படி.

ஆகவே இங்கே, இந்த டைரியில், எழுதி வைக்கிறேன். எழுதியவர்: சேர்மராஜ், திசையன்விளை. செப்டம்பர் 22 முதல் நவம்பர் 14 வரை.

இதுவும் லோக்கல்தான்.